இடாப்பில் இல்லாத பெயர்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க்குழுவினர் எமக்கு எழுதியிருந்தனர். பழைய மாணவர் எழுதும் கட்டுரை என்றால் விடுதி வாழ்வு, துடுப்பாட்டப் போட்டி, பிரம்பெடுத்த ஆசிரியர், நவராத்திரிப் பூசையிற் கிடைத்த கடலை ஆகியவற்றைப் பற்றியதாக இருத்தல் மரபு. அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர் என்பது திண்ணம். ஆதலின் முப்பதாண்டுக்கு மேலாக யாம் செய்துவந்த தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

அத்தொழில் யாதென்று எமது ஊராகிய நெடுங்கேணியில் விளக்க முயன்று பன்முறை தோற்றிருக்கின்றோம். விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்த ஒருமுறை, அயலிலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அங்கை என்ன வேலை?" என்று வினவினார். "கொம்பியூட்டர் வேலை, அப்பு" என்றோம். "அப்ப உந்த ரேடியோவையும் ஒருக்காப் பார்த்துத் தாவன்" என்று உள்ளே சென்று அதனைத் தூக்கிவந்துவிட்டார். அதனைத் திருத்த இயலாமற் போனமையால் எமது மதிப்பு அன்றே சற்றுக் குறைந்தது. அப்பெரியவர்க்கு அன்று சொல்ல இயலாதுபோன விடையையே இங்கு எழுதுகின்றோம்.

யாம் வேலை செய்தது பெருங்கணினியில். அது மேசைமேல் இருக்கும் கணினியின் பருத்த வடிவம் அன்று. ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோரின் கணக்கு வழக்குகளைப் பிழையின்றி நடத்துவதற்கென்றே ஆக்கப்பட்ட பொறி அது. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் அறிவித்த 'சிஸ்டம் 360' என்னும் வரிசையின் வழிவந்த பொறிகளே உலகின் பெருவங்கிகள் பலவற்றில் இன்றும் இயங்குகின்றன. நமக்கு அண்மையில் என்று நோக்கின், அடுத்து வந்த 'சிஸ்டம் 370' வரிசையின் 155ஆம் மாதிரிப் பொறி 1973இல் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. துளையட்டைக் கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கணினி நிலையத்துக்குச் சென்ற காலம் அது.

இப்பொறி மின்னூட்டப்பட்ட மாத்திரத்தே வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று எண்ணற்க. அதனை முறையாகத் துயிலெழுப்புதல் வேண்டும். வட்டிலிருந்து முதல் நிரலை ஏற்ற, அந்நிரல் கருவை அமைக்க, கரு தலைமை ஒழுங்காளனை எழுப்ப, இவ்வாறு படிப்படியாகப் பணிசெயல் முறைமை கண்விழிக்கும். எம்.வி.எஸ். என்னும் பெயரோடு 1974இல் வெளிவந்து, பலமுறை பெயர் மாறி, இன்று இசட்-ஓஎஸ் என வழங்குவது அம்முறைமையே.

ஆயினும் விழித்தெழுந்த முறைமை எல்லா வேலைகளையும் தானே செய்வதில்லை. நம் கல்லூரியில் அதிபர் ஒருவர் இருக்கின்றார். அவரே விடுதிச் சமையலையும் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உளர். அதுபோன்றே பெருங்கணினியிலும் துணை முறைமைகள் என்று சில உள. வேலைகளை ஏற்று வரிசைப்படுத்தி, அவற்றின் அச்சு வெளியீட்டைப் பேணுவது ஒன்று. கோப்புகள் எந்த வட்டில் எவ்விடத்தில் அமையவேண்டும் எனத் தீர்மானிப்பது ஒன்று. தரவுத்தளத்தைக் காப்பது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் 'மாஸ்ரர்' எனப்படும் தலைமைத் துணை முறைமை ஒன்று, எவரும் கேளாமலே எப்பொழுதும் இருக்கும்.

வேலைகளை ஏற்பதனை முதன்மைத் துணை முறைமை என்பர். பெரும்பாலான இடங்களில் அது ஜெஸ்-2. அதன் பிறப்பு சுவையானது. 1960களின் நடுப்பகுதியில், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தின் ஹூஸ்ரன் மையத்தில் வேலை பார்த்த ஐ.பி.எம். பணியாளர் சிலர், தமது பொறியின் மந்தம் பொறாது 'ஹாஸ்ப்' என்னும் நிரலொன்றை ஆக்கினர். அதுவே வளர்ந்து ஜெஸ்-2 ஆயிற்று. இன்றும் ஜெஸ்-2 திரையில் இடும் செய்திகள் ஒவ்வொன்றும் 'ஹாஸ்ப்' என்னும் பழைய பெயரைத் தலையிற் சுமந்தே வருகின்றன. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய காலத்து எழுத்துகளை, வாடிக்கையாளரின் வைப்புக் கணக்கை நோக்கும்போது நள்ளிரவிற் காண்பதில் எமக்கு ஒரு தனி இன்பம் இருந்தது. அதன் உடன்பிறப்பாகிய ஜெஸ்-3க்கு அத்துணை நல்லூழ் வாய்க்கவில்லை. 2023இல் வெளிவந்த இசட்-ஓஎஸ் 3.1இல் அதற்கு இடமில்லை.

இனிக் கட்டுரையின் உட்பொருளுக்கு வருவோம். துணை முறைமை ஒன்றை வரையறுத்தல் வேறு. அதனைத் தொடக்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி இடர்ப்பட்டோர் பலர்.

நம் கல்லூரியில் ஒரு மாணவனைச் சேர்க்கும்பொழுது அவன் பெயரை இடாப்பிற் பதிகின்றோம். அதனால் அவன் வகுப்பில் இருக்கின்றான் என்பது பொருளன்று. அவன் காய்ச்சலாய் வீட்டிற் படுத்திருக்கலாம். எனினும் இடாப்பிற் பெயர் இருப்பதனால் ஆசிரியர் அவனைக் கூப்பிடுவார். அவன் இல்லை என்பதையும் அறிவார். பெருங்கணினிக்கும் இவ்வாறான ஓர் இடாப்பு உண்டு. 'பாம்லிப்' எனப்படும் கட்டளைக் களஞ்சியத்தில், ஐ.இ.எவ்.எஸ்.எஸ்.என். என்னும் ஆறெழுத்தோடு ஈரெழுத்துப் பின்னொட்டுச் சேர்ந்த பெயருடைய ஏடு அது. அவ்வேட்டில் ஒவ்வொரு துணை முறைமைக்கும் ஒரு பதிவு இருக்கும். பெயர் நான்கெழுத்துக்கு மேற்படலாகாது. பெயரோடு, எழுப்பும்போது நடத்தவேண்டிய தொடக்க நிரல் யாது, அந்நிரலுக்குக் கொடுக்கவேண்டிய குறிப்பு யாது, முதன்மையானது இதுவோ அன்றோ என்பனவும் எழுதப்படும்.

பொறி விழித்தெழும்போது அவ்வேட்டை மேலிருந்து கீழாகப் படிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நினைவகத்தில் ஒரு சிறு கட்டத்தை ஆக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியிற் கோக்கும். தொடக்க நிரல் குறிக்கப்பட்டிருப்பின் அதனை நடத்தும். அந்நிரல், 'இன்ன இன்ன வேண்டுகோள்களுக்கு யான் மறுமொழி கூறுவேன்' எனத் தன் அட்டவணையைச் சங்கிலியில் மாட்டிவைக்கும். பின்னர், ஏதேனும் ஒரு வேலை முடிந்ததென்றால் அச்செய்தி அதிபரின் சுற்றறிக்கைபோலச் சங்கிலி முழுவதும் செல்லும்; விருப்பமுடையது செவிசாய்க்கும். வேறு சில வேண்டுகோள்களோ பெயர்குறித்து ஒருவருக்கே அனுப்பப்படும். சங்கிலியில் இல்லாத பெயருக்கு அனுப்பினால் 'அவ்வாறு ஒருவர் இல்லை' என்னும் விடையே கிட்டும்.

வரிசையும் முக்கியமானது. கோப்புகளுக்கு இடம் வகுக்கும் எஸ்.எம்.எஸ். என்னும் துணை முறைமையை ஜெஸ்-2க்கும் முன்பாகவே எழுதுக என்பது ஐ.பி.எம். நிறுவனத்தாரின் அறிவுரை. பின்னால் எழும் யாவற்றுக்கும் அதன் உதவி வேண்டியிருப்பதே காரணம். இதனைக் கற்பித்த அந்நிய நாட்டு ஆசிரியர், காரணத்தை அரைமணி நேரம் விளக்கினார். எமக்கு அவ்விளக்கம் தேவைப்படவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் நடப்பதற்கு முன் முள்ளியவளைக் காட்டு விநாயகருக்குப் பொங்கவேண்டும் என்பதை நடக்கப் பழகும் பருவத்திலேயே அறிந்தவர்கள் யாம். பிள்ளையாரை முந்திக்கொண்டு எவரும் எழ இயலாது.

இவ்வளவும் வரையறுத்தல். தொடக்குதல் என்பது இதன்பின் வருவது. முதன்மைத் துணை முறைமைக்கு, வேண்டாம் என்று ஏட்டில் எழுதாதவரை, பொறி தானாகவே தொடக்கக் கட்டளை பிறப்பிக்கும். மற்றவற்றை இயக்குநர் கட்டளையிட்டோ, தொடக்கத்தில் நடத்தவேண்டிய கட்டளைகளைக் கொண்ட வேறோர் ஏட்டின் வழியாகவோ எழுப்பல் வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. சாதாரணமாகத் தொடக்கப்படும் பணி ஜெஸ்-2இன் நிழலிலேயே எழும். ஆனால் அப்பணியின் பெயர் இடாப்பிலுள்ள துணை முறைமை ஒன்றின் பெயராகவும் அமைந்துவிட்டால், பொறி அதனைத் தலைமைத் துணை முறைமையின் கீழ் எழுப்பிவிடும். அங்கே ஜெஸ்-2 தரும் அச்சு வசதிகள் இல்லை. பெயரொற்றுமை ஒன்றினாலேயே தம் பணி வேறொரு வீட்டில் எழுந்து நிற்பதைக் கண்டு மருண்ட புதியவர்களை யாம் பார்த்திருக்கின்றோம்.

டீ.பீ.-2 என்னும் தரவுத்தளத்தின் வழி சற்று வேறானது. 1983இல் எம்.வி.எஸ். முறைமைக்கென அறிவிக்கப்பட்ட அதற்கு ஏட்டிலுள்ள பதிவிலேயே கட்டளை முன்னொட்டு ஒன்று கொடுக்கப்படும். அம்முன்னொட்டோடு 'எழுக' என்று இயக்குநர் கட்டளையிட்டால் அது எழும். பதிவு இல்லையேல் முன்னொட்டும் இல்லை. முன்னொட்டு இல்லையேல் அக்கட்டளை பொறிக்கு விளங்காத ஒலி.

முற்காலத்தில், புதிய துணை முறைமை ஒன்றை இடாப்பிற் சேர்க்கவேண்டுமாயின் பொறி முழுவதையும் நிறுத்தி மீள எழுப்புதலே வழி. வங்கியொன்றின் பொறியை நினைத்தபோது நிறுத்த எவர் விடுவர்? பிற்காலத்தில் 'செற்எஸ்எஸ்ஐ' என்னும் கட்டளை வந்தது. அதனைக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் பொறியிலேயே புதுப்பெயர் ஒன்றைச் சங்கிலியிற் கோத்துவிடலாம். மிக வசதியானது. ஆனால் அது கோப்பது நினைவகத்திலுள்ள சங்கிலியில் மாத்திரமே. ஏட்டில் ஓர் எழுத்தும் மாறாது. அடுத்தமுறை பொறியை எழுப்பும்போது அது ஏட்டைத்தான் படிக்கும்.

இதனை யாம் அறியாதவரல்லேம். பிறருக்குக் கற்பித்தவர்கள் யாம்.

1999ஆம் ஆண்டு, கடல்கடந்த நாடொன்றில், வங்கியொன்றின் கணினி நிலையத்தில் பணிபுரிந்தோம். ஈராயிரமாம் ஆண்டுச் சிக்கலுக்கென ஊணுறக்கமின்றி உழைத்த காலம். மார்ச்சு மாதத்து ஒரு புதன்கிழமை, வைப்புக் கணக்குகளுக்கெனப் புதிய டீ.பீ.-2 ஒன்றை அவசரமாக எழுப்பவேண்டி வந்தது. 'செற்எஸ்எஸ்ஐ' கட்டளையை இட்டோம், பெயர் சேர்ந்தது, தரவுத்தளம் எழுந்தது, எல்லோரும் கைகுலுக்கினர். ஏட்டில் எழுதவேண்டிய பதிவைத் திங்கட்கிழமை எழுதலாம் என விட்டோம். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது.

யூன் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குப் பொறியை நிறுத்தி மீள எழுப்பினர். அன்று கடமையில் இருந்தவர் இளைஞர் ஒருவர். எம்மைப்போலவே வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். தகுதிகாண் காலம் முடியாதவர். எஸ்.எம்.எஸ். எழுந்தது, ஜெஸ்-2 எழுந்தது, வலையமைப்பு எழுந்தது. வைப்புக் கணக்கின் தரவுத்தளத்தை எழுப்பும் கட்டளை மாத்திரம் 'விளங்காத கட்டளை' எனத் திரும்பிற்று. எழுத்துப்பிழையோ என ஐயுற்று அவ்விளைஞர் முன்னொட்டை மாற்றி மாற்றி மூன்று முறை முயன்றார். அவர் முயன்ற ஒவ்வொன்றும் பொறியின் நாட்குறிப்பிற் பதிவாயிற்று. ஐந்து மணிக்கு எம்மை வீட்டிலிருந்து அழைத்தார்.

யாம் சென்று, சங்கிலியிலுள்ள பெயர்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்தோம். அப்பெயர் இல்லை. நெஞ்சு திடுக்குற்றது. மார்ச்சு மாதத்தில் இட்ட அதே கட்டளையை மீண்டும் இட்டோம், ஏட்டிலும் பதிவை எழுதினோம், தரவுத்தளம் எழுந்தது. மொத்தம் நான்கு நிமிடங்கள் ஆயின. நகரத்தின் பணப்பொறிகள் சில அதற்குள் மூன்று மணி நேரம் வாய்மூடிக் கிடந்துவிட்டன. "என்ன பிழை?" என்று அவ்விளைஞர் கேட்டார். "இப்பொழுது சரி" என்றோம். அவ்வளவே சொன்னோம்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது. இயக்குநர் தவறான கட்டளைகளை மூன்றுமுறை இட்டமையே தாமதத்துக்குக் காரணம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நாட்குறிப்பை மாத்திரம் பார்த்தவர் அவ்வாறே எழுதுவார்; அவரையும் குறைகூற இயலாது. அறிக்கையை வாசித்தோம், மடித்து வைத்தோம். செவ்வாய்க்கிழமையும் கடந்தது. எமக்கு மனைவி மக்கள் இருந்தனர். ஊரிலிருந்து இடம்பெயர்ந்த உறவினர்க்கு மாதந்தோறும் பணம் அனுப்பவேண்டியிருந்தது. பதவி உயர்வு ஒன்றும் பேச்சில் இருந்தது. இவற்றையெல்லாம் நியாயங்களாக அடுக்கிக்கொண்டு இரண்டு இரவுகள் விழித்திருந்தோம். புதன்கிழமை காலை, பிழை எம்முடையது என மேலாளருக்கு எழுத்தில் கொடுத்தோம். எமக்குப் பெரிய தீங்கொன்றும் நேரவில்லை. பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஆனால் அவ்விளைஞரின் தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டும் கடிதம் செவ்வாய்க்கிழமையே அவர் கைக்குச் சென்றுவிட்டது. அது மீளப்பெறப்படவில்லை. ஆண்டு முடியுமுன் அவர் வேறிடம் சென்றுவிட்டார். விடைபெறும்போது அவர் கோபமாக எதுவும் கூறவில்லை. "ஏட்டில் இல்லாததை நான் எப்படி அறிவேன்?" என்று மாத்திரம் கேட்டார்.

இதனை ஊருக்கு எழுதிய கடிதத்தில் தந்தையாருக்கும் எழுதியிருந்தோம். எமது தந்தையார் நெடுங்கேணிப் பக்கத்துச் சிறுகுளமொன்றின் நீர்ப்பங்கீட்டைப் பலகாலம் கவனித்தவர். காலபோகத்தில் மழை உண்டு, குளம் வான்பாயும், எவரும் எவரோடும் பேசவேண்டியதில்லை. சிறுபோகத்திலே நீர் குறுகும்போதுதான் முறை வேண்டும். துருசு எந்நாள் திறப்பது, எவ்வாய்க்காலுக்கு முதலில் விடுவது, எவர் வயலுக்கு எத்தனை நாழிகை, அவர் வராவிடின் அம்முறை எவருக்குப் போகும் என்பன யாவும் அவருக்கு மனப்பாடம். எமது கடிதம் போய்ச் சேர நாளாயிற்று. மறுமொழி வர மேலும் நாளாயிற்று. அதில், "உங்கட மெசினுக்கு ஏடு வேணும். எங்கட குளத்து முறை முழுக்க என்ரை தலைக்குள்ளை கிடக்கு, ஒரு நாளும் பிழைச்சதில்லை" என்று எழுதியிருந்தார். வாசித்துச் சிரித்தோம். எழுதிவைக்குமாறு அவரைக் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பின்னரும் தோன்றவில்லை.

2008இன் பிற்பகுதியில் ஊர் பெயர்ந்தது. தந்தையார் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். 2009இல் போர் முடிந்து, பின்வந்த ஆண்டுகளில் மக்கள் சிறிதுசிறிதாகத் திரும்பி, காடுமூடிய வயலை வெட்டித் திருத்திச் சிறுபோகம் விதைக்க முனைந்தபோது, முதற்றண்ணீர் எவருக்கு என்பதில் இரு குடும்பங்களுக்கிடையே பிணக்கு மூண்டது. வாய்க்கால் இருந்தது, துருசு இருந்தது, குளத்தில் நீரும் இருந்தது. அவ்வேளை யாம் ஊரில் நின்றோம். எம்மிடம் வந்து, "தம்பி, உங்கட ஐயா ஏதும் எழுதி வைச்சவரோ?" என்று கேட்டனர். இல்லை என்றோம்.

மூன்று முதியவர்களை ஒரு மரநிழலில் இருத்தி, இரண்டு நாட்களாகக் கேட்டுக் கேட்டு, பாடசாலைக் கொப்பி ஒன்றில் அம்முறையை வரிசையாக எழுதினோம். ஒருவர் மேல்வாய்க்காலை மறந்திருந்தார், மற்றவர் நினைவூட்டினார். மூன்றாமவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்லியதால் முதல்நாள் நண்பகலுக்குள் ஆறு பெயர்களுக்கு மேற் செல்ல இயலவில்லை. ஈற்றில் இருபத்துமூன்று பெயர்கள் தேறின. கொப்பி இப்பொழுது அவ்வூர்க் கமக்காரர் அமைப்பிடம் உள்ளது. படியொன்று எம்மிடம் உண்டு. பதினாறாம் பெயருக்கும் பதினேழாம் பெயருக்கும் நடுவே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கின்றோம். கீழ்வாய்க்கால் திரும்பும் மூலையில், புளியமரத்தடியில் இருந்த அத்துண்டு வயலுக்கு முறை உண்டு என்பதில் மூவரும் ஒத்தனர். அது எவருடையது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் கூறினர். நெடுங்கேணிப் பக்கத்துப் பழைய மாணவர் எவரேனும் அறிந்திருப்பின் மலர்க்குழுவினர் வாயிலாக எமக்கு அறிவிப்பாராக.